பங்க் போனது, பெட்ரோல் போனதா?

மளிகைக் கடையில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லித் தரப்படும் பாடம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் பேரல் இருக்கும் மூலையில் தேயிலைத் தூள், சர்க்கரை, மைதா எதையும் வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் அளந்த கையோடு பொட்டலம் கட்டக் கூடாது. மறந்துபோய் வைத்தால் ஒரு பெட்டித் தேயிலையும் திரும்பி வந்துவிடும். நம்மில் பலர் இதற்காக முதலாளியிடம் குட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தான். கடைக்குள் இத்தனை எச்சரிக்கையாக இருக்கும் நாம், கடையின் தரைக்கு 20 அடி கீழே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்த இதழில் அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதுவதற்கு நமக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

நமது பஜாரில் நெடுங்காலம் இயங்கிய பெட்ரோல் பங்க் ஒன்று குத்தகை முடிந்து மூடப்பட்டது. பம்புகளைக் கழற்றினார்கள். கூரையைப் பிரித்தார்கள். கிரேன் வந்து நிலத்துக்குள்ளிருந்த டேங்குகளைத் தூக்கிக்கொண்டு போனதை நம்மில் பலரும் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். குழியை மண் போட்டு மூடி, சில மாதங்களில் அஸ்திவாரம் தோண்டி, கீழே குடோனும் மேலே கடைகளுமாக வணிக வளாகம் எழும்பிவிட்டது. நல்ல இடம், நல்ல முகப்பு. அட்வான்ஸ் கொடுக்கப் போட்டி. நமது உறுப்பினர்கள் பலர் அங்கே கடை எடுத்தார்கள்.

இரண்டாவது வருடம் ஐப்பசி மழை முடிந்த சமயத்தில், அங்கே இனிப்புக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். போர் தண்ணீரில் ஊறவைத்த உளுந்தில் ஏதோ வாடை வருகிறது என்றார். கீழ்க் குடோனில் மூட்டை அடுக்கியிருந்த மற்றொருவர், காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தலை கிறுகிறுக்கிறது என்றார். கட்டட உரிமையாளரிடம் பேசினோம். அவரும் மறுக்கவில்லை, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். சுத்தமான தண்ணீர் என்று அறிக்கை வந்தது. அதை நாம் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். வீண் புரளிகளை நம்ப வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குச் சொன்னோம். வெட்கம் என்றது இதைத்தான்.

அந்தத் தண்ணீர் எப்படி எடுக்கப்பட்டது என்று நாம் கேட்கவே இல்லை. பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. மொட்டை மாடித் தொட்டிக் குழாயில் பிடித்து, காலி மினரல் வாட்டர் பாட்டிலில் அரை பாட்டில் ஊற்றி, மறுநாள் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். மாதமோ சித்திரை. பெட்ரோலில் கெடுதலான பகுதி சட்டென்று காற்றோடு போய்விடும் இயல்புடையது. வெயிலில் காயும் தொட்டியிலிருந்து எடுத்து, பாதி காலியான பாட்டிலில் ஒரு பகலும் ஒரு இரவும் வைத்திருந்தால் அதில் சோதிக்க என்ன மிச்சமிருக்கும்? முறைப்படி செய்வதானால், கிணற்றில் தேங்கி நின்ற தண்ணீரை முதலில் இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறும் நீரைக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எதைத் தேட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். உப்பு, கடினத்தன்மை, கிருமி என்று வழக்கமான சோதனைக்குக் கொடுத்தால் அதற்குத்தான் பதில் வரும். பென்சீன், டொலுவீன் என்று கேட்டால்தான் அவற்றைத் தேடுவார்கள்.

பென்சீன் என்ற பெயரை உறுப்பினர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலில் இயல்பாகவே கலந்திருப்பது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று ஐயமின்றி நிறுவப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். நமது நாட்டில் இப்போது விற்கும் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முன்காலத்தில் அதைவிடக் கூடுதலாகவே இருந்தது. நாம் வியாபாரிகள், கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 1 சதவீதம் என்றால் 10 மில்லி, அதாவது ஏறத்தாழ 8.8 கிராம் பென்சீன். அது முழுவதும் தண்ணீரில் கரைவதாக வைத்துக்கொண்டால் சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுகோலுக்குக் கொண்டுபோய்விடும். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி என்றால் 73 லாரி. ஒரே ஒரு லிட்டருக்கு இந்தக் கணக்கு. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கொதிக்க வைத்தால் தண்ணீரிலிருந்து போவது உண்மைதான், ஆனால் அது அடுப்படியில் நிற்பவர் மூக்குக்குள்தான் போகும்.

டேங்க் ஒழுகினால் பங்க்காரருக்குத் தெரியாமலா இருக்கும், இருப்பு குறையாதா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பங்க்காரர்களும் நம்மைப் போலத்தான். தினமும் காலையில் அளவுகோலை டேங்கில் இறக்கி இருப்பு எடுப்பார்கள். வரவு, விற்பனை, இருப்பு மூன்றையும் சரிபார்ப்பார்கள். ஆனால் பெட்ரோல் வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், ஆவியாகும். பருப்பு மூட்டையில் சேதாரம் விடுவதுபோல அதற்கும் விட்டாக வேண்டும். அமெரிக்க நாட்டு விதியில் மாதாந்திர வித்தியாசத்துக்கு விட்டிருக்கும் வரம்பு, விற்பனையில் 1 சதவீதமும் அதன்மேல் 130 காலனும். 130 காலன் என்பது 490 லிட்டர் சொச்சம். இப்போது வேறொரு கணக்கு. துருப்பிடித்த டேங்கின் அடியில் வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகுகிறது. 20 சொட்டு ஒரு மில்லி. ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், மாதத்துக்கு 130 லிட்டர், வருடத்துக்கு 1,500 லிட்டருக்கும் மேல். இது எந்தப் பேரேட்டிலும் ஏறாது. மாதா மாதம் சேதாரத்துக்குள் அடங்கிப் போகும். யாரும் பொய்க் கணக்கு எழுத வேண்டியதில்லை. நாணயமான பங்க்காரருக்கே தெரியாமல் 10 வருடம் ஒழுகலாம். ஆகவே பேரேடு சொல்லாததைக் கிணறுதான் சொல்ல வேண்டும்.

எந்தக் கிணறு என்பதிலும் நாம் ஏமாறக் கூடாது. 200 அடி போட்டு, மேல் பகுதி முழுவதும் குழாய் இறக்கி அடைத்த போர்வெல் இதற்கு உதவாது. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. நிலத்தடி நீர்மட்டத்தின் தலையில் மிதக்கும். அதைப் பார்க்க ஆழம் குறைந்த கிணறு வேண்டும். நீர்மட்டம் கோடையில் இறங்கினாலும் மழையில் ஏறினாலும் உள்ளே வரும்படி அந்த இடம் முழுவதும் துளையிட்ட குழாய் வேண்டும். கண்காணிப்புக் கிணறு என்று இதற்குப் பெயர். ஒன்று போட்டால் போதாது, குறைந்தது மூன்று. மூன்று இடத்தில் நீர்மட்டம் அளந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். முக்காலிக்கு மூன்று கால் வேண்டியதுபோலத்தான். ஒன்று பழைய டேங்க் இருந்த இடத்துக்கு மேற்புறம் இருக்க வேண்டும். அதிலும் கெடுதல் தெரிந்தால் பழி பங்க்காரர் மேல் விழாது. மேலே எங்கோ ஒரு மெக்கானிக் ஷெட் கழிவு எண்ணெயைக் கொட்டியிருக்கலாம். கண்காணிப்பு குற்றம் சாட்டுவதற்கு மட்டும் அல்ல, குற்றமற்றவரைக் காப்பதற்கும்தான் என்பதை பங்க் நடத்தும் நமது உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

ஒருமுறை பார்த்தால் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. டேங்கைத் தூக்கிவிட்டாலும் சுற்றியிருக்கும் மண்ணில் ஊறிய பெட்ரோல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பெட்ரோலும் கூடவே இறங்கி வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் நீர் ஏறும்போது அந்தப் பூச்சில் பட்டு மறுபடியும் கரையும். சித்திரையில் சுத்தம் என்று வந்த அறிக்கை மார்கழியில் பொய்யாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று குறைந்தது இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் பார்த்து, அளவு குறைந்துகொண்டே வருகிறது என்று தெரிந்த பிறகுதான் நம்பலாம் என்பது நமது கருத்து.

இப்படிச் சொல்வதால் உறுப்பினர்கள் பீதி அடைய வேண்டாம். மண்ணிலேயே பெட்ரோலைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கசிவு நின்றுவிட்டால் அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். கலிபோர்னியா மாநிலத்தில் ஏராளமான பங்க் கசிவுகளை ஆராய்ந்து 1995-இல் வெளியான அறிக்கை, பென்சீன் பரவல் பெரும்பாலும் 250 அடி தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று கண்டது. நல்ல செய்திதான். ஆனால் 10 அடி முகப்புக் கடைகள் வரிசையாக இருக்கும் நமது தெருவில் 250 அடி என்பது 25 கடை! மேலும் நமது ஊரில் கட்டடத்துக்குக் கட்டடம் மோட்டார் ஓடுகிறது. எந்தப் பக்கம் அதிகமாக இறைக்கிறோமோ அந்தப் பக்கம் நிலத்தடி நீர் இழுபடும். அதோடு இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று, அங்கிருக்கும் பிராணவாயுவையும் தீர்த்துவிடும். பென்சீன் தின்னப்படாமல் இன்னும் தூரம் போக அது இடம் கொடுக்கும்.

அமெரிக்காவின் பெயரைச் சொன்னதும் அங்கே பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று சிலர் சிரிப்பார்கள். அங்கேயும் கண் கெட்ட பிறகுதான் சூரிய நமஸ்காரம். 1980-களில் அந்த நாட்டில் சுமார் 20 லட்சம் நிலத்தடி டேங்குகள் இருந்தன. பெரும்பாலானவை வெறும் இரும்பு. 1984-இல் சட்டம் வந்தது, 1988-இல் விதிகள் வந்தன. பழைய டேங்குகளை மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் 22 வரை 10 ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். அங்கே கிராமப்புறத்தில் மளிகைக் கடை வாசலிலேயே ஒன்றிரண்டு பம்பு வைத்து பெட்ரோல் விற்பது வழக்கம். அந்தச் சிறு வியாபாரிகளில் பலர் செலவு தாங்காமல் பம்பைப் பிடுங்கிவிட்டார்கள். நம்மைப் போன்றவர்கள்தானே என்று அவர்களை நினைத்தால் நமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காரியத்தை அந்த நாட்டு அரசு சரியாகச் செய்தது. 1986-இல் காலனுக்கு ஒரு செண்டில் பத்தில் ஒரு பங்கு வரி போட்டு, ஒழுகிய டேங்குகளுக்கென்றே தனி நிதி ஏற்படுத்தியது. உரிமையாளர் யாரென்றே தெரியாத பழைய இடங்களையும் அந்த நிதியில் சுத்தம் செய்ய முடிந்தது. இதுவரை அங்கே உறுதி செய்யப்பட்ட கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல். டேங்கை நிரந்தரமாக மூடும்போது கசிவு இருந்ததா என்று அந்த இடத்தை ஆராய்ந்து பதிவு செய்ய வேண்டும் என்பதும் அங்கே சட்டம். நமது பஜாரில் கிரேன் வந்த அன்று யாராவது ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாவது பார்த்தார்களா?

அதே கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா என்ற கடற்கரை நகரம், பெட்ரோலில் கலந்த எம்.டி.பி.இ. என்ற பொருள் நகரத்துக் கிணறுகளில் இறங்கியதால் 1996-இல் அவற்றை மூட நேர்ந்தது. நகரத்தின் தண்ணீரில் ஏறத்தாழ பாதி போயிற்று. வெளியிலிருந்து தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். எண்ணெய் நிறுவனங்களோடு வழக்காடி, சுத்திகரிப்பு நிலையம் கட்டி, கிணற்றுத் தண்ணீரை மறுபடி குழாயில் விடுவதற்குச் சுமார் 15 ஆண்டுகள் பிடித்தன.

தூரத்துக் கதை வேண்டாம் என்பவர்களுக்கு சென்னை தண்டையார்பேட்டை இருக்கிறது. 2013-இல் அங்கே வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்தது. அது டேங்க் அல்ல, எண்ணெய் கொண்டுபோகும் நிலத்தடிக் குழாய் கசிந்தது. ஆனால் மண்ணுக்கடியில் நடப்பது ஒன்றுதான். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. சுண்ணாம்புக் கல் பூமி, கிணற்றை விட்டால் வேறு தண்ணீர் இல்லாத பகுதி. அந்த மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க இலங்கை உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. இரண்டு இடத்திலும் முதலில் கண்டுபிடித்தது அதிகாரிகள் அல்ல, தண்ணீர் இறைத்தவர்கள்.

நமது நாட்டில் பெட்ரோலியம் சட்டம் 1934 முதல் இருக்கிறது. அதன் விதிகளுக்கு முதல் கவலை தீ விபத்து, அது வேண்டியதுதான். புதிய பங்க் வைக்க, பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வழிகாட்டுதல் கொடுத்தது. அதையும் வரவேற்கிறோம். நாம் கேட்பது வரும் பங்க்கைப் பற்றி அல்ல, போன பங்க்கைப் பற்றி. டேங்க் தூக்கப்பட்ட இடத்தில் கட்டட அனுமதி கொடுக்கும் முன் மண்ணும் தண்ணீரும் பார்க்கப்பட வேண்டும். கெடுதல் இருந்தால் கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகள் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும்படி வைக்கப்பட வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

செலவு யார் தலையில் என்ற கேள்விதான் எல்லா இடத்திலும் காரியத்தைக் கெடுக்கிறது. நில உரிமையாளர், குத்தகை எடுத்த நிறுவனம் செய்யட்டும் என்பார். நிறுவனம், டீலரைக் காட்டும். டீலர், டேங்க் தன்னுடையது அல்ல என்பார். பெரும்பாலும் அது உண்மையும்கூட; பல பங்க்குகளில் டேங்கும் பம்பும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, டீலர் விற்பனைக்கு மட்டுமே பொறுப்பானவர். ஆகவே டீலராக இருக்கும் உறுப்பினர்களை நெருக்குவது நமது நோக்கமல்ல. டேங்க் யாருடையதோ அவர்தான் கிணறு போட்டுக் காட்ட வேண்டும் என்பது நமது நிலை. ஆனால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில் தண்ணீர் குடிப்பது நாமும் நமது வாடிக்கையாளர்களும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து இனிப்பை மாதிரி எடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். பழைய டேங்கின் உரிமையாளர் அல்ல.

கடை எடுக்கும் உறுப்பினர்கள் இனிமேல் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த மனையில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பங்க், லாரி ஷெட், மண்ணெண்ணெய் டிப்போ என்றால், ஒப்பந்தத்திலேயே தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கீழ்த்தளக் குடோன் என்றால் இருமடங்கு யோசியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில்தான் தங்கும். தேயிலையும் மாவும் அந்த வாடையை வாங்கிக்கொள்ளும் என்று உங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. வாடை வந்தால் விளக்கைப் போடாமல், தீக்குச்சி கிழிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

இனிப்புக் கடை உறுப்பினர் இப்போது தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் வேலை செய்கிறார். புகார் சொன்ன நாளில் அவரைப் புரளிக்காரர் ஆக்கியதற்கு இந்தப் பக்கத்தின் மூலம் வருத்தம் தெரிவிக்கிறோம். நேரிலும் சொல்லிவிட்டோம். வளாகத்துக்கு மேற்புறம் ஒன்று, கீழ்ப்புறம் இரண்டு என்று மூன்று கண்காணிப்புக் கிணறுகள் போட இடம் தருவதாகக் கட்டட உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். டேங்க் உரிமையாளருக்குச் சங்கம் கடிதம் அனுப்பியிருக்கிறது. பதில் வரும்வரை காத்திராமல் முதல் வருடப் பரிசோதனைச் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு வசூலிப்பது என்ற தீர்மானம் வரும் பொதுக்குழுவில் வைக்கப்படுகிறது. சங்கப் பணத்தை ஒரு கட்டடத்துக்காகச் செலவிடுவதா என்று ஆட்சேபிப்பவர்கள் அன்று வந்து பேசலாம். 25 கடைக் கணக்கை அவர்களுக்கும் சொல்வோம்.

அதற்கு முன்பாக, பழைய பங்க் இருந்த மனைக்கு இருபுறமும் எதிர்வரிசையிலும் உள்ள கடைக்காரர்கள் தங்கள் போர் எந்த வருடம் போட்டது, எத்தனை அடி, எத்தனை அடிக்குக் குழாய் இறக்கியது, எந்த மாதத்திலாவது தண்ணீரில் வாடை தெரிந்ததா என்பதை ஒரு தாளில் எழுதி, கடை எண்ணுடன் சங்க அலுவலகத்தில் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். வாடை தெரிந்தது என்று எழுதுபவர் பெயரைப் பலகையில் ஒட்ட மாட்டோம்.